ஏஜென்ட் கடைசியில்தான்: வேலூர் பக்கத்திலிருந்து தொழில் கற்று வெளிநாடு போகிறவர்களுக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர் என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிற ஒருவரின் வீடு இருக்கும். ஆனாலும் புதிதாகக் கிளம்புகிற பையனுக்கு எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. போய் வந்தவரைக் கேட்டால் "ஏஜென்ட் பார்த்துப்பான்" என்பார். ஏஜென்டைக் கேட்டால் "முதல்ல அட்வான்ஸ் கட்டு தம்பி" என்பார்.

நான் பட்ட அலைச்சலில் புரிந்துகொண்டது இதுதான்: இந்த வேலையில் ஏஜென்ட் கடைசியாக வர வேண்டிய ஆள். பாஸ்போர்ட், கைத்தொழில், டெஸ்ட், உடம்பு இந்த நான்கும் தயாராக இருந்தால் நீங்கள் ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் இல்லாமல் போனால் அவர் உங்களைத் தேர்ந்தெடுப்பார். இரண்டாவது வழியில் போகிறவர்கள்தான் நகையை அடகு வைக்கிறார்கள்.

வெல்டிங், எலக்ட்ரிக்கல், ஏசி, பிளம்பிங், ஃபிட்டர் மாதிரி வேலைகளுக்கு, முக்கியமாக வளைகுடா நாடுகளுக்கு, போக நினைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நர்ஸ்களுக்காகவும் நடுவில் ஒரு பத்தி இருக்கிறது.

1. பாஸ்போர்ட்: பெயரைச் சரிபார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள்

விண்ணப்பம் ஆன்லைனில்தான். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பெரியவர்களுக்கு 10 ஆண்டுகள் செல்லும். போலீஸ் விசாரணை முடிந்து கைக்கு வர சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் கற்கச் சேரும்போதே விண்ணப்பித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு கணக்கிலேயே வராது.

இதில் பணத்தை விடப் பெரிய சிக்கல் நம் இனிஷியல். ஆதாரில் 'கே. சுரேஷ்', மதிப்பெண் பட்டியலில் 'சுரேஷ் கே', ரேஷன் கார்டில் வெறும் 'சுரேஷ்' என்று இருந்தால் நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கிவிடுகிறார்கள். 2022 கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதிலிருந்து இப்படிப்பட்டவர்களுக்கு விசாவிலும் விமானத்திலும் தொல்லைதான். ஆகவே சொந்தப் பெயரைக் கிவன் நேமிலும், அப்பா பெயரைச் சர்நேமிலும் எழுதுங்கள். அதற்கு முன் ஆதாரிலும் அதே எழுத்துகள் இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். அப்பா பெயரில் ஒரு 'ஹெச்' கூடக்குறைய இருந்தாலும் பின்னால் அட்டெஸ்டேஷனில் (சான்றிதழ்களை அரசும் தூதரகமும் சரிபார்த்து முத்திரை வைப்பதில்) அது வந்து நிற்கும்.

பிறந்த தேதியும் அப்படியே. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பிறப்புச் சான்றில் இருப்பது இன்னொன்று என்றால் பாஸ்போர்ட்டுக்கு முன்பே ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட் வந்த பிறகு தேதியை மாற்றுவது பெரும்பாடு.

2. பத்தாவது பாஸா? இ.சி.ஆர். முத்திரையின் கணக்கு

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். ('குடியேற்றச் சரிபார்ப்பு தேவை') என்று குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் சவுதி, அமீரகம், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அந்த அலுவலகம் சென்னையில். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

இ.சி.ஆர். என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அது ஒரு பாதுகாப்பு. சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்று அரசாங்கக் கணினியில் பதிவான பிறகுதான் அனுமதி கிடைக்கும். "இ.சி.ஆர். தொல்லை இல்லாம டூரிஸ்ட் விசாவுல அனுப்பிடறேன், அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாதுகாப்பைத்தான் கழற்றி எறியச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பத்தாவது பாஸ் செய்தும் மதிப்பெண் பட்டியலைக் காட்டாததால் இ.சி.ஆர். விழுந்திருந்தால், மறுவிண்ணப்பம் கொடுத்து நீக்கிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு பாடத்தில் நின்றுபோனவர்கள் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுங்கள். தொழில் கற்கும் அதே மாதங்களில் இதையும் செய்யலாம்.

நர்ஸ்களுக்குத் தனி விதி. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். இல்லாவிட்டாலும், இந்த 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வேலூரில் நர்ஸிங் முடித்த பிள்ளைகள் ஏராளம். தனியார் ஒருவர் "குவைத் நர்ஸ் வேலை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் இதைக் கேளுங்கள்.

3. எந்தத் தொழில்?

"எதுக்கு இப்ப டிமாண்ட் அதிகம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது: உங்கள் கை ஏற்கெனவே எதில் பாதி பழகியிருக்கிறது? ராணிப்பேட்டையில் பி.எச்.இ.எல். தொழிற்சாலையும் அதைச் சுற்றி சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளும் இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கிரைண்டரும் வெல்டிங் ஹோல்டரும் பிடித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு வெல்டிங், பைப் ஃபிட்டர் இரண்டும் குறுகிய பயிற்சியிலேயே கைகூடும். ஒயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் எலக்ட்ரீஷியன் அல்லது ஏசி பக்கம் போகலாம். ஒன்றுமே தொட்டதில்லை என்றால் மூன்று மாதப் படிப்பில் வெளிநாட்டு டெஸ்ட் பாஸ் செய்வது கஷ்டம். நடுவில் ஒரு வருடம் உள்ளூரில் ஹெல்பராக வேலை செய்ய மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

4. எங்கே கற்பது, எவ்வளவு செலவு

காசு கொடுத்துச் சேர்வதற்கு முன் இலவசமாக இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

அரசு ஐ.டி.ஐ.: வெல்டர் பிரிவு ஒரு வருடம், எட்டாவது போதும். எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், பத்தாவது வேண்டும். "குறுகிய பயிற்சி" என்று தேடுகிறவர்கள் ஒரு வருடம் என்றதும் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஐ.டி.ஐ. முடித்தால் கிடைக்கும் தேசியச் சான்றிதழுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் இருக்கும் மரியாதை, 45 நாள் சான்றிதழுக்கு இல்லை. இருபது வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு நான் ஐ.டி.ஐ.யைத்தான் சொல்வேன்.

கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: நம் மாவட்டத்தில் இந்தியன் வங்கி நடத்துகிறது. 18 வயது முடிந்தவர்கள் சேரலாம், பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. பத்து நாள் முதல் ஒன்றரை மாதம் வரை ஓடும். இவை சொந்தத் தொழில் தொடங்க வைப்பதற்கான பயிற்சிகள் என்பதால் வெளிநாட்டு டெஸ்டுக்கு இது மட்டும் பத்தாது. ஆனால் ஏசி மெக்கானிக், ஒயரிங் போன்றவற்றில் கை வருமா வராதா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், நான் முதல்வன், பிரதமரின் கௌசல் விகாஸ் ஆகிய திட்டங்களிலும் இலவசக் குறுகிய படிப்புகள் வரும். எந்த மையத்தில் எந்தப் பிரிவு ஓடுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பதுதான் சரி. சான்றிதழில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் (என்.எஸ்.கியூ.எஃப்.) நிலை எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

பத்து வருடம் ஷெட்டில் வேலை செய்து கையில் ஒரு தாள்கூட இல்லாதவர்களுக்கு 'முன் அனுபவ அங்கீகாரம்' என்று ஒரு வழி உண்டு. சில நாள் வகுப்பு, அப்புறம் ஒரு தேர்வு, பாஸானால் சான்றிதழ். நம் பக்கத்தில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

கடைசியாகத் தனியார் வெல்டிங் பள்ளிகள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறு ஒன்றைக் கேளுங்கள்: "எனக்கு எத்தனை கூப்பன் தருவீங்க?" கூப்பன் என்றால் பயிற்சிக்கு வெட்டித் தரும் பைப் துண்டு. பைப், ஃபில்லர் கம்பி, ஆர்கான் வாயு எல்லாம் காசு என்பதால் சில பள்ளிகள் நாளுக்கு ஒரு ஜாயின்ட் கொடுத்துவிட்டு மீதி நேரம் வேடிக்கை பார்க்க வைத்துவிடும். நான் சேர்ந்த ஒரு இடத்தில் ஆர்கான் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை எல்லாரும் வராண்டாவில்தான் உட்கார்ந்திருப்போம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், "ரசீதுல ரீஃபண்டுன்னு போட்டிருக்கா?" ஆகவே சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை பூத்தில் பொறி பறக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். "பயிற்சியோடு வெளிநாட்டு வேலை உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இன்னும் உஷார். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கத் தனி உரிமம் வேண்டும். பயிற்சிப் பள்ளி என்பதற்காக அது தானாக வந்துவிடாது.

5. டிரேட் டெஸ்ட்

சான்றிதழ் உங்களை அறைக்குள் விடும், அவ்வளவுதான். வேலை கொடுப்பது டெஸ்ட். கம்பெனி ஆட்கள் சென்னைக்கு வந்து ஒரு டெஸ்ட் சென்டரில் நேரில் செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள்.

வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஷெட்டில் நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் கீழே கிடக்கும் பிளேட், ஆங்கிள், சேனல். நிறைய இடங்களில் கார்பன் டை ஆக்ஸைடு மெஷின். எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு அவர்கள் கேட்பது பைப், அதுவும் 6ஜி. அதாவது பைப் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும், நீங்கள்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும். கீழே ஆறு மணி இடத்தில் தொடங்கி, ஒரு பக்கமாக மேலே பன்னிரண்டு வரை, அப்புறம் அடுத்த பக்கம். ரூட் (அடி ஓட்டு) ஆர்கான் வாயுவில் செய்யும் டிக் வெல்டிங்கில், அதன்மேல் ஃபில்லிங்கும் (நடு நிரப்பு) கேப்பும் (மேல் ஓட்டு) 7018 ராடில் என்பதுதான் வழக்கமான கலவை. ஷெட்டில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன்கூட முதல் தடவை இதில் தடுமாறுவது சகஜம்.

எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன். இரண்டு பைப்புக்கும் நடுவில் விடும் ரூட் இடைவெளி ஒரே சீராக இல்லாமல் ஒரு பக்கம் இறுகிப்போனால் அந்த இடத்தில் ரூட் உள்ளே இறங்காது. டேக் போட்ட (பைப்பைப் பிடித்து நிறுத்தச் சின்னதாகப் பற்றவைத்த) இடங்களை கிரைண்டரால் இருபுறமும் சரிவாக இழைத்துவிடாமல் அதன்மேலேயே ஓட்டினால் அங்கே ஒட்டாமல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாக வந்து நிற்கும். ஆறு மணி இடத்தில் கை நடுங்கி ராடைத் தூரமாகப் பிடித்தால் துளை விழும். கேப்பின் ஓரத்தில் அண்டர்கட், அதாவது அரித்த மாதிரிப் பள்ளம். அப்புறம் ராட்: 7018 ஈரத்தை இழுக்கும் ராட். ஓவனில் சூடாக்கி, கையோடு வைத்திருக்கும் சின்ன ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓட்ட வேண்டும். டெஸ்டில் ராடை மேஜைமேல் பரப்பி வைத்தால், நீங்கள் ஹோல்டரைத் தொடுவதற்கு முன்பே மேற்பார்வை செய்கிறவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். ஹெல்மெட், கையுறை, ஏப்ரன், மெஷினின் எர்த் இதெல்லாவற்றுக்கும் அவர் மனதில் மதிப்பெண் உண்டு.

6ஜி கைவராதவர்கள் மனம் தளர வேண்டாம். ஸ்ட்ரக்சர் வேலைக்கு 3ஜி (நின்ற நிலை), 4ஜி (தலைக்கு மேல்) பிளேட் போதும். சம்பளம் குறைவு, ஆனால் போய்ச் சேரலாம். அங்கே இருந்துகொண்டே பைப்புக்கு மாறியவர்கள் நிறையப் பேர்.

எலக்ட்ரீஷியனுக்குப் பெரும்பாலும் ஒரு படத்தைக் கொடுத்து மோட்டாருக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இணைப்பு கொடுக்கச் சொல்வார்கள், மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) பிடிக்கத் தெரியுமா என்று பார்ப்பார்கள். ஏசிக்காரருக்குக் காப்பர் குழாய் பிரேஸிங் (சூட்டில் உருக்கி ஒட்டுவது), ஃபிளேரிங் (குழாய் வாயை விரிப்பது), வாக்குவம் போட்டு கேஸ் ஏற்றுவது. வீட்டு ஒயரிங் மட்டும் தெரிந்தவர்கள் கன்ட்ரோல் சர்க்யூட்டைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

சவுதிக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி டெக்னீஷியன் போன்ற பிரிவுகளுக்கு சவுதி அரசே இந்தியாவில் திறன் சரிபார்ப்புத் தேர்வு வைக்கிறது. ஏஜென்ட்கள் 'தகாமுல் டெஸ்ட்' என்பார்கள். கணினியில் கேள்வித்தாள் ஒன்று, கைவேலை ஒன்று. பாஸ் ஆகாமல் அந்தப் பிரிவில் விசா ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா பதிவது) நடக்காது. விசாவில் எழுதியிருக்கும் தொழிலும் நீங்கள் எழுதும் டெஸ்டும் ஒன்றாக இருக்க வேண்டும். "விசா பிளம்பர்னு இருக்கும், அங்க போனா வெல்டர் வேலைதான்" என்ற பேச்சு இனி சவுதியில் எடுபடாது.

சிங்கப்பூர்க் கட்டட வேலைக்கும் இதுபோல் டெஸ்ட் உண்டு, தமிழ்நாட்டிலேயே மையங்கள் இருக்கின்றன. டெஸ்ட் பாஸ் என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. கம்பெனி உங்கள் பெயரில் விண்ணப்பித்து, முன் ஒப்புதல் கடிதம் வந்தால்தான் கணக்கு. அந்தக் கடிதம் உண்மையா என்பதை சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. சைட்டில் ஃபோர்மேன் பேசுவது பெரும்பாலும் இந்தி. நம் பக்கத்தில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கவலையில்லை. மற்றவர்கள் ஒரு உருதுக்கார நண்பனைப் பிடித்து அன்றாட வேலைப் பேச்சைப் பழகிக்கொள்ளுங்கள், தனி வகுப்பு தேவையில்லை. ஆங்கிலத்தில் அளவுகள், கருவிகளின் பெயர், ஹாட் வொர்க் பர்மிட் போன்ற பாதுகாப்புச் சொற்கள் தெரிந்தால் போதும்.

6. அனுபவத்துக்கு ஆதாரம்

வேலை செய்த இடத்தின் லெட்டர்பேடில், என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தெளிவாக, கையெழுத்தும் முத்திரையும் வைத்து வாங்குங்கள். பி.எஃப். பிடித்தம் இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணிக்கால விவரத்தை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. வேலையை விடும்போது முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள், இந்தத் தாளுக்காகத் திரும்பிப் போக வேண்டிவரும்.

ஐந்நூறு ரூபாய்க்கு அனுபவச் சான்று அடித்துத் தருகிற இடங்கள் இருக்கின்றன. டெஸ்டில் கை காட்டிக்கொடுத்துவிடும்.

7. மெடிக்கல்

சவுதி, குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளின் வேலை விசாவுக்கான மெடிக்கலை 'வாஃபித்' தளத்தில் பதிந்து, அதன் வழியாகக் குறிக்கப்படும் மையத்தில்தான் செய்ய வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் 'கம்கா' என்பார்கள், அதுதான் இது. பதிவுக்கு 10 டாலர், மையத்தில் தனியாகச் சில ஆயிரம். கத்தாருக்கு வேறு முறை: சென்னையில் இருக்கும் கத்தார் விசா மையத்திலேயே மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் முடிந்துவிடும்.

வேலை உறுதியாகாமல் மெடிக்கல் போகாதீர்கள். முடிவு சீக்கிரம் காலாவதியாகும், அப்புறம் மறுபடி காசு கட்ட வேண்டும். "முதல்ல மெடிக்கல் அடிச்சிட்டு வா" என்று துரத்தும் ஏஜென்டுக்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் உடம்பை நீங்கள் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய காசநோயின் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே அன்ஃபிட் போட்டுவிடுவார்கள், நோய் குணமாகிவிட்டது என்பதைக் கேட்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகையும் அப்படியே. ஒரு மையத்தில் அன்ஃபிட் ஆனால் அந்தப் பதிவு ஆன்லைனில் நிற்கும். வேறு ஊரில் போய் எடுத்தாலும் மறையாது. ஆகவே பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முன்பே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சர்க்கரை பார்த்துவிடுங்கள். இந்த ஒரு நாள் வேலையை யாரும் செய்வதில்லை. வெல்டிங் முடித்து, டெஸ்ட் பாஸாகி, மெடிக்கலில் விழுந்து ஊர் திரும்பியவர்களைக் கேட்டால் தெரியும்.

8. இப்போது ஏஜென்ட்

அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தமிழ்நாடு அரசு 1978-இல் தொடங்கியது. முதலில் அதில் பதிந்துவையுங்கள். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேராகக் கிண்டிக்குப் போகிறது. அங்கே ஆள் எடுக்கும் வேகம் குறைவு என்பார்கள், உண்மைதான். அதற்காகப் பதியாமல் விட ஒரு காரணமும் இல்லை.

தனியார் என்றால் ஒரே ஒரு கேள்வி: வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா? தளத்தில் பெயரை அடித்தால் பதிவு எண், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது எல்லாம் வரும். முகவரியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகமும் ஒன்றா என்று பாருங்கள். உள்ளூரில் டீக்கடையில் உட்கார்ந்து ஆள் பிடிப்பவர் சப் ஏஜென்ட். சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. அவர் உங்கள் மாமாவுக்கு நண்பராக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். பணம் மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பதும், ரசீதில் முப்பதாயிரம் மட்டும் காட்டுவதும் ஊரறிந்த விஷயம். வங்கி வழியாகத்தான் கட்டுவேன் என்று நில்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிப் பேர் உங்களை விட்டுவிடுவார்கள், நல்லதுதான்.

அசல் பாஸ்போர்ட்டை ஸ்டாம்பிங் நேரத்தில் மட்டும், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். என்னுடையது ஒருவரிடம் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கேட்கும்போதெல்லாம் "எம்பசியில இருக்கு" என்றார், இருந்தது அவர் மேஜை டிராயரில். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கும்வரை வேறு வாய்ப்பு வந்தாலும் அசைய முடியாது. அவர் வைத்துக்கொள்வதும் அதற்காகத்தான்.

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸில் கணினி வேலை, டைப்பிங் தெரிந்தால் போதும், கைநிறையச் சம்பளம் என்று வந்தால் பேச்சையே எடுக்காதீர்கள். ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மீட்டு வரப்பட்டிருக்கிறார்கள்.

9. விசாவும் ஒப்பந்தமும்

'ஃப்ரீ விசா', 'ஆசாத் விசா' என்ற பேச்சு நம் பக்கத்தில் அதிகம். ஒருவரின் ஸ்பான்சரில் (அவர் பெயரில் எடுத்த விசாவில்) போய், வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்பார்கள். எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு விசா இல்லை. ஸ்பான்சர் அல்லாத இடத்தில் பிடிபட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது பேசிக் சம்பளம். "மொத்தம் 1,800" என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் பேசிக் 900, மீதி அலவன்ஸ் என்று பிரித்திருப்பார்கள். பணி முடிவுத் தொகையையும் வேலையை விடும்போது வரும் கணக்கையும் பேசிக்கை வைத்துத்தான் போடுவார்கள், ஓவர்டைமும் பல இடங்களில் அப்படித்தான். அப்புறம் சாப்பாடு யாருடையது, தங்குமிடம் உண்டா, எத்தனை மணி நேரம், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை டிக்கெட். ஏஜென்ட் காட்டிய தாளும் விமான நிலையத்துக்கு முந்தைய நாள் கையெழுத்து வாங்கும் தாளும் ஒன்றா என்று பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். முதல் தாளைக் கொடுத்த அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தால்தான் இது முடியும்.

சில நாடுகள் போலீஸ் சான்று கேட்கும். பாஸ்போர்ட் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500. டிப்ளமோ, டிகிரிச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் கேட்பார்கள். அரசுக் கட்டணம் சொற்பம், இடைத்தரகர் கட்டணம்தான் ஏறும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

10. கிளம்பும் முன்

இ.சி.ஆர். ஆட்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறப்பு, நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் வரை. மற்றவர்களும் எடுக்கலாம், இந்த விலைக்கு யோசிக்க வேண்டாம். பாலிசி நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனால் வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. புறப்பாட்டுக்கு முந்தைய ஒரு நாள் பயிற்சி இலவசம், தவறவிடாதீர்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் ரசீது எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒன்று, உங்கள் மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும்.

பெட்டி கட்டும்போது அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். வளைகுடாவில் கசகசா போதைப் பொருள் பட்டியலில் வரும், அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. இருமல் மருந்து, வலி மாத்திரைகளிலும் சில தடை. மருத்துவர் சீட்டு இல்லாமல் எதையும் வைக்காதீர்கள். "என் தம்பிக்கு இந்தப் பார்சலை மட்டும் குடுத்துடுப்பா" என்று பக்கத்துத் தெருக்காரர் கொண்டுவந்தால், அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை ஆபீஸில் கேட்பார்கள். விசா பதிவு முடியும் வரை கொடுக்கலாம். அதற்குப் பிறகும் முதலாளி பிடித்து வைத்திருப்பது அந்த நாடுகளின் சட்டப்படியே தவறு. சம்பளம் நின்றால் மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்காதீர்கள். அங்கிருந்து இந்தியத் தூதரகத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் புகார் பதியுங்கள். ஊரில் இருக்கும் வீட்டார் 1800-11-3090 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம். பேசும்போது பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், ஏஜென்ட்டின் பதிவு எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.